வாசலில் நின்ற நாத்தனார்

எழுத்தாளர் தான் எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டே சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். கையில் தாள்கள், காலில் செருப்பு இல்லை. செருப்புக் காலோடு படித்தால் வாக்கியம் தாளம் தப்புகிறதாம். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி "ம்" கொட்டுகிறார். அந்த "ம்"களை எழுத்தாளர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். நீள "ம்" வந்தால் கதை ஓடுகிறது. குட்டை "ம்" வந்தால் மனிதர் தூங்கப்போகிறார். அந்தப் பத்தியை வெட்ட வேண்டும்.

எழுத்தாளர் ஐம்பதைத் தாண்டியவர். பகலில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை, மாலையில் சொந்த எழுத்து. "பகல்பூரா ஊரார் தப்பைத் திருத்திட்டு, வீட்டுக்கு வந்து நானே புதுசா தப்புப் பண்றேன்" என்பார். அழகாக வந்துவிட்ட வாக்கியத்தின் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "இது மாப்பிள்ளை வாக்கியம். ஜோரா வந்து உக்காந்திருக்கும், ஒரு துரும்பைக்கூட நகத்தாது" என்று அடித்துவிடுவார். தன் முதல் புத்தகத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அதை எழுதினது வேற ஒருத்தி. நல்ல பொண்ணுதான், ஆனா அவசரக்காரி" என்று சிரிப்பார்.

இந்தமுறை எழுதிய நாவல் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க ஒரு பெண்மணி வருகிறாள். எல்லோரையும் அதட்டுகிறவள். யார் வீட்டுக்குப் போனாலும் அலமாரியைத் திறந்து அடுக்குகிறவள். தினமும் மதியம் தம்பிக்கு ஃபோன் போட்டு, "சாப்டியா இல்லையா? வாயைத் திறந்து சொல்லு!" என்று கத்துகிறவள். பதிப்பாளர் படித்துவிட்டு, "சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு மேடம். புத்தகத்துக்கே உயிர் இதுதான்" என்றார்.

அந்த அத்தியாயத்தைக் கணவருக்கு எழுத்தாளர் கடைசியாகத்தான் படித்துக் காட்டினார். நீள "ம்" வரவில்லை. குட்டை "ம்"மும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மனிதர் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க அக்காவா இது?"

"கதைங்க."

"கதைதான். இந்தப் புத்தகத்துல ஒரு திருடன்கூட வர்றான். அவனுக்குள்ள எல்லாம் போய்ப் பாத்துட்டு வந்திருக்க. எங்க அக்காவை மட்டும் வாசல்லயே நிக்க வெச்சுட்டியே."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எழுத்தாளருக்கு முதலில் கோபம்தான் வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஆறின பிறகு அத்தியாயத்தை மறுபடி எடுத்தார். சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெண்மணி ஏன் கத்துகிறாள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. தனக்கே அது தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து பழகியும் தெரியாது.

அந்தச் சமயத்தில், எழுத்தாளர் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனாருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. எழுத்தாளர் துணைக்குப் போனார். பல் மருத்துவமனையில் கால் வைத்ததுமே அண்ணி ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, நாற்காலியை இப்படியா வழியில போடுவீங்க?" என்றார் வரவேற்பில் இருந்த பெண்ணிடம். பக்கத்தில் இருந்தவரிடம், "காலை மடக்கிக்கோங்க. யாராவது தடுக்கி விழப்போறாங்க." மேசையில் கிடந்த பத்திரிகைகளைத் தட்டி, ஓரம் சேர்த்து அடுக்கினார். எழுத்தாளருக்கு வழக்கம்போலச் சிரிப்பு முட்டியது.

உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணி எழுந்திருக்கவில்லை.

"நீயும் வா."

காற்றுப் போன குரல். சாய்வு நாற்காலியில் படுத்ததும் எழுத்தாளரின் சுண்டுவிரலைப் பிடித்தவர், ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சு வைத்து முடிக்கும்வரை விடவில்லை.

விரல் வலிக்க வலிக்க எழுத்தாளருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. மாமனாருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, இதே அண்ணிதான் ஆஸ்பத்திரி அலமாரியைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மதியத்து ஃபோனும் அப்படித்தான். லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் தொங்கி வேலை செய்கிற தம்பி முழுசாக வெளியே வந்துவிட்டானா என்பதை, "சாப்டியா"வை விட்டால் வேறு எப்படிக் கேட்பது?

தெருவுக்கு வந்ததும், பஞ்சைக் கடித்தபடியே அண்ணி சொன்னார்: "இதை எழுதிடாதே."

எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி..."

"நான் கத்தும்போதெல்லாம் ஓரமா நின்னு கேக்கறியே. நான் பாக்காமலா இருக்கேன்?"

எழுத்தாளர் பதிப்பாளரிடம் அவகாசம் கேட்டார். "அந்த அத்தியாயத்துல கை வெச்சீங்கன்னா நான் அழுதுடுவேன் மேடம்" என்றார் அவர். "அழுங்க. நான் இன்னும் எழுதி முடிக்கல."

பல்லும் விரலும் இல்லாமல் எழுதிப் பார்த்தார். அத்தனையும் மாப்பிள்ளை வாக்கியமாகவே வந்து உட்கார்ந்தன. வேறு ஏதாவது இட்டுக்கட்டலாமென்றால், கை ஓடவில்லை. உண்மையைப் பார்த்துவிட்ட கை. கடைசியில் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதி, தாள்களை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கே போய்விட்டார்.

"ஒருதடவை கேட்டுடுங்க அண்ணி. வேணாம்னு சொன்னா இங்கயே கிழிச்சுப் போட்டுடறேன்."

அண்ணி நறுக்கிக்கொண்டிருந்த காயை ஓரமாகத் தள்ளி வைத்தார். எழுத்தாளர் இந்தமுறை நடக்கவில்லை. எதிரே உட்கார்ந்து படித்தார். கத்தல் வந்தது, அலமாரி வந்தது, குழிக்குள் தொங்கும் தம்பி வந்தான், விரல் வந்தது. முடித்ததும், கிழிக்க வேண்டி வந்தால் இப்படியொன்று இனி எழுத வருமா என்ற நினைப்போடு தாள்களை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணி நறுக்கி வைத்திருந்த காய்த் துண்டுகளை ஓரம் சேர்த்து அடுக்கினார்.

"அந்த டாக்டரை அப்படியே எழுதியிருக்க," என்றார் முதலில். பிறகு, "விரலைப் பிடிச்சேன்னு எழுதியிருக்கியே, அது இருக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி 'பயந்துபோய்'னு ஒண்ணு போட்டிருக்க பாரு, நான் எங்கடி பயந்தேன்? அதை எடு."

எழுத்தாளர் சிரிக்கவில்லை. அந்த வரியை அந்தச் சொல் இல்லாமல் உதடசைத்துப் படித்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் படித்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, "பயந்துபோய்" மேல் ஒரே கோடாக இழுத்தார்.