மூணுன்னா நாலு

பவானேஸ்வரி அக்காவின் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டது நான்தான். இதை அக்கா யாரிடமும் சொல்ல மாட்டார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மலாக்கா பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அக்காவுக்கு இருபத்தேழு வருடமாக வேலை. ஃபேக்டரி பஸ் எங்கள் தாமான் குடியிருப்பின் முச்சந்திக்கு ஐந்தே முக்காலுக்கு வரும். அது யாருக்காகவும் நிற்காது. அக்கா ஐந்தரைக்கே போய் நிற்பார். அதே பஸ்சை வாரம் ஒரு தடவையாவது விட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான்.

அக்காவுக்கு நாட்டியம், நாடகம் என்றால் உயிர். மலாக்காவில் எங்கே நடந்தாலும் போய்விடுவார். அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டிருந்தால் ஆறே முக்காலுக்கு மண்டபத்தில் இருப்பார். அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்? நாற்காலி போடுகிறவர்கள்தான். "சும்மாதானே இருக்கீங்க, ஒரு கை குடுங்கக்கா" என்று ஒரு தடவை அவரையே நாற்காலி போட வைத்துவிட்டார்கள். அப்புறம் தலைமை தாங்க டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வர வேண்டும், விளக்கேற்ற வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், நாலு பேர் பேச வேண்டும். முதல் சலங்கைச் சத்தம் கேட்கும்போது மணி ஒன்பதாகிவிடும். விடிந்தால் பஸ் பிடிக்க வேண்டுமே என்று அக்கா பாதியில் எழுந்து வந்துவிடுவார். முழுசாக ஓர் ஆட்டம் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று அவர் புலம்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் கோலாலம்பூரிலிருந்து ஷாமினி என்ற பெண் வந்தாள். நடனக் குழு வைத்திருக்கிறாளாம். தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி ஒரு நாட்டிய நாடகம் போடப் போகிறாளாம். எங்கள் எல்லோரிடமும் பேசிவிட்டு, அக்காவின் குரலை மட்டும் பதிவு செய்துகொண்டாள். பாட்டெல்லாம் இல்லை. வேலைக்குப் போகிற மகளைக் காலையில் எப்படி எழுப்புவாரோ, அப்படியே சொல்லச் சொன்னாள்.

"ஆரம்பத்துல மேடை இருட்டா இருக்கும் ஆன்ட்டி. உங்க குரல் மட்டும்தான் கேக்கும். அப்புறம்தான் ஆட்டமே" என்றாள்.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு பெரிய அரங்கில், அவ்வளவு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, தன் குரலைத் தானே கேட்க வேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. இருந்ததே ஒரே ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. துணைக்கு நான்.

எட்டரை பஸ்சுக்குப் போக வேண்டியது, என் லட்சணத்தால் பத்தரை பஸ் ஆயிற்று. அரங்கம் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர ஒன்றரை. கோலாலம்பூர் வந்துவிட்டு வாழை இலைச் சாப்பாடு சாப்பிடாமல் போவதாவது என்று அக்காவை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். இலை போட்டார்கள். நண்டுப் பிரட்டல், கோழி வறுவல், மோர் மிளகாய், சுடச்சுட அப்பளம். நான் ஒரு கட்டு கட்டினேன். அக்கா இரண்டு வாய் சாப்பிடுவார், கடிகாரத்தைப் பார்ப்பார்.

"கலைமகளே, எழுந்திருடி. போயிருவோம்."

"அட, உக்காருங்கக்கா. நம்ம ஆளுங்க புரோகிராம் லா இது. மூணுன்னா நாலு. டத்தோ வந்து விளக்கேத்தணும். இங்கயும் போயி நாற்காலி போடப் போறீங்களா?"

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. "அதுவும் சரிதான். இன்னிக்காவது நிதானமா சாப்பிடுறேன்" என்று ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். பாயசமும் வந்தது. பிறகு டீ வேறு கேட்டேன், பாவி நான்.

அரங்கத்துக்குள் நுழையும்போது மூன்று மணி இரண்டு நிமிடம். முன்கூடத்தில் ஈ காக்கை இல்லை. எனக்கு ஒரே பெருமை.

"பாத்தீங்களா? ஒருத்தரையும் காணோம். நாமதான் முதல்!"

கதவருகே நின்ற இளைஞன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.

"எல்லாரும் உள்ள இருக்காங்க ஆன்ட்டி. ஷோ ஆரம்பிச்சாச்சு."

"டத்தோ வந்துட்டாரா?"

"டத்தோல்லாம் யாரும் இல்ல. மூணுன்னா மூணுதான். இனி இருபது நிமிஷம் கழிச்சுத்தான் கதவு திறக்கும்."

நான் கத்தினேன், கெஞ்சினேன். "மலாக்காவுலேர்ந்து வர்றோம் தம்பி! உள்ள பேசப் போறதே இவங்க குரல்தான்!" அவன் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் கதவை விட்டு நகரவில்லை. இருட்டில் யாரையும் விடக் கூடாது என்பது உத்தரவாம். நாற்பது வருடம் நேரத்துக்கு ஆரம்பிக்காதவர்கள், இன்றைக்குத்தானா திருந்த வேண்டும்?

அப்போது உள்ளேயிருந்து அது வந்தது. கனத்த கதவு, அரைகுறையாகத்தான் கேட்டது. பதிவு செய்த அன்று பக்கத்தில் இருந்ததால் எனக்குப் புரிந்தது.

"ஏய், எழுந்திருடி! எத்தனை தடவை கத்துறது? பஸ்சு உனக்காக நிக்காது!"

உள்ளே கொல்லென்று சிரித்தார்கள். கை தட்டினார்கள். அக்கா கதவில் காதை வைத்து, சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள்கூட நான் பஸ்ச விட்டதில்லடி" என்றார்.