காசு வாங்காத காலேஜ்

துடியலூரில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கிளமென்ட், என் அக்கா மெர்சியின் வீட்டுக்காரர். எதையும் விலை கேட்காமல் மதிக்கத் தெரியாத மனுஷன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் கோட்டு என்ன விலை என்பார். மலிவாகச் சொல்லிவிட்டால் போச்சு, அந்த மாப்பிள்ளை அவருக்கு ஆளே இல்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு ஆஷ்லி மாதிரி ஒரு மகள். தானாகவே ஜெர்மன் படித்து, அந்த நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேல்படிப்புக்கு இடம் வாங்கினாள். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. தங்குகிற, சாப்பிடுகிற செலவு மட்டும்தான்.

மச்சானின் முகம் சுருங்கிவிட்டது.

"ஃபீஸே இல்லாத காலேஜ் என்ன காலேஜு அம்மணி? ரேஷன் கடையா அது?"

"அங்க எல்லாருக்கும் அப்படித்தானுங்கப்பா. நல்ல காலேஜுங்க."

"கோயில்ல பாக்கறவங்க ஃபீஸ் எவ்வளவு கட்டுனீங்கன்னு கேப்பாங்க. சும்மா சேத்துனேன்னு சொல்லட்டுமா?"

"ஏனுங்க மச்சான், இதை விட்டா புள்ளைக்கு மறுக்கா கிடைக்காதுங்க" என்றேன் நான். வெளிநாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அவர் பார்த்த வெளிநாடு பாலக்காடு.

காந்திபுரத்து ஏஜென்ட் ஒருவன் அதே ஜெர்மனியில் ஒரு தனியார் கல்லூரியைக் காட்டினான். கட்டணத்தைக் கேட்டதும் மச்சான் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. சோமனூர்ப் பக்கம் இருந்த பூமியை விற்றார். ஆஷ்லி அழுதாள், இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குள் அரசுப் பல்கலைக்கழகத்தின் கெடு முடிந்துபோனது. அப்புறம் நன்றிப் பூசை, பிரியாணி, மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் கட்டணத்தை அச்சடிக்காததுதான் பாக்கி.

போய்ப் பார்த்தால் கல்லூரி என்பது ஒரு பர்னிச்சர் கடையின் மாடி. வகுப்பு முழுக்க நம் ஊர்ப் பிள்ளைகள். ஒரு ஜெர்மன்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே கடைக்கு இறங்க வேண்டும். அந்தப் பட்டத்தை அங்கேயும் யாரும் மதிக்கவில்லை, இங்கேயும் மதிக்கவில்லை. ஆஷ்லி இப்போது அப்பா கடையில் பில் போடுகிறாள்.

போன மாதம் முதல் வெள்ளிக் காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நானும் மச்சானும், அதே கோயிலுக்கு வரும் ஜெபமணியைப் பார்த்தோம். அவர் மகள் லின்சி, ஆஷ்லி விட்டுவிட்ட அதே பல்கலைக்கழகத்தில் படித்தவள்.

"லின்சிக்கு அங்கயே கார் கம்பெனில வேலை கிடைச்சிருச்சுங்க."

"ஃபீஸ் எவ்வளவு கட்டுனீங்க?" என்றார் மச்சான்.

"ஒண்ணும் கட்டலீங்க."

ஜெபமணி நகர்ந்ததும் மச்சான் என்னிடம், "பாவம், வசதியில்லாதவங்க" என்றார்.

பின்னால் ஆஷ்லி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

"கடைச் சாவி குடுங்கப்பா" என்று கையை நீட்டினாள். "ஆளுக வந்து நிப்பாங்க."