சிறுவாணி பழுப்பான சனிக்கிழமை

நான் ஓடிபியை யாருக்கும் சொன்னதில்லை, மனைவி உட்பட. தெரியாத நம்பர் என்றால் போனை எடுப்பதே இல்லை. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிரோடு ஒரு சனிக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. வாசலில் தோளில் பையோடு ஒருவர்.

"ஏனுங்கண்ணா, இந்த வீதியில தண்ணி டெஸ்ட் பண்ணிக் குடுக்கறமுங்க. காசெல்லாம் வேண்டாமுங்க."

ஷூவை வாசலிலேயே கழற்றினார். 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் பேசவில்லை. எனக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம் என்று நானே சொன்னேன். உடனே அவருடைய அம்மாவுக்கும் அதே ஊராகிவிட்டது. நான் பெருந்துறை என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா அங்கே பிறந்திருப்பார். இத்தனை நெருங்கிய பிறகு அடையாள அட்டை கேட்பது மரியாதையாக இருக்காதே.

எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர். அதை ஒரு டம்ளரில் பிடித்தார். இன்னொன்றில் தன் மிஷினில் சுத்தம் செய்ததென்று பாட்டில் தண்ணீரை ஊற்றினார். இரண்டிலும் ஒயர் கோத்த இரும்புக் கம்பிகளை விட்டு ஸ்விட்சைப் போட்டார். அரை நிமிடத்தில் சிறுவாணி சாக்கடை நிறத்துக்கு வந்தது. அவருடையது தெளிவாக இருந்தது.

"இதைத்தானுங்கண்ணா கொழந்தைக குடிக்கறாங்க," என்றார் வருத்தமாக.

எங்கள் குழந்தைகள் இருவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். இருந்தும் எனக்கு நெஞ்சு கனத்தது.

புது மிஷினுக்குப் பன்னிரண்டாயிரம் எண்ணிக் கொடுத்தேன். சமையலறையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய ஃபில்டர் மிஷினை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார். கேட் வரை நானே தூக்கிக் கொடுத்தேன். "எதிர்வீட்லயும் கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று உபகாரமும் செய்தேன்.

மதியம் மனைவி வந்தாள். பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நடந்ததைக் கேட்டதும் இரண்டு ஆணிகளையும் ஒரு பழைய அடாப்டரையும் எடுத்து, புது மிஷின் தண்ணீரில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் பழுப்பானது.

"அழுக்கு இல்லீங்க, துரு. தண்ணியில உப்புச் சத்து இருந்தா கரண்டு ஓடும், இரும்பு கரையும். அவன் பாட்டில் தண்ணியில உப்பே இருந்திருக்காது. இருவத்தஞ்சு வருசமா லேத் பட்டறை நடத்தறீங்களே, இரும்பு துருப்பிடிச்சுப் பாத்ததே இல்லீங்களா?"

மிஷினைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஃபில்டரே இல்லை. குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருவதற்கு வசதி செய்திருந்தார். அவர் கொடுத்துவிட்டுப் போன நம்பர் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவரும் வாங்கியிருந்தார். மனைவி துருவைப் பற்றி விளக்க, பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர் சொல்றது புஸ்தகத்துல சரிதானுங்க. ஆனா நான் கண்ணால பாத்தனுங்க."

மிஷினைத் திறந்து பார்க்கச் சொன்னோம். திறந்தால் வாரண்டி போய்விடும் என்றார்.

ஆகவே ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். புகாரை எழுதிக்கொண்ட போலீஸ்காரர், ஆள் எப்படி இருந்தான், அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். முகம் நினைவில் இல்லை.

"ரொம்ப மரியாதையா பேசுனாருங்க."

"அது இந்த ஊர்ல எல்லாருந்தானுங்களே," என்றபடி அடையாளம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டார்.

பணம் இன்னும் வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். எதிர்வீட்டில் மிஷின் ஓடுகிறது.