மாத்திரையோடு வந்த தேத்தண்ணி

துறைமுகச் சுங்கத்தில் சந்தேகப்பட்ட பெட்டியைத் திறந்து கிளறுவார்களே, அந்த மாதங்களில் என் சாப்பாட்டுத் தட்டை நான் அப்படித்தான் கிளறினேன். மீன் துண்டை முகர்ந்து பார்ப்பேன். கறியில் மிதக்கும் இலையை ஓரம் கட்டுவேன். சம்பலில் மிளகாய் கூடிவிட்டதோ என்று யோசிப்பேன். கடைசியில் சோற்றையும் பருப்பையும் பிசைந்து நாலு வாய் விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பேன். வயிற்றில் இருந்தது எங்கள் இரண்டாவது பிள்ளை. முதலாவது தங்கவில்லை.

அந்த முதலாவதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் கணவரும் திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹபரணை தாண்டி வீதியோரத்தில் அன்னாசி வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய துண்டுகள். எனக்கு வாயூறியதைப் பார்த்து இவர் இறங்கிப் போய் வாங்கிவந்தார். ரசித்து ரசித்துச் சாப்பிட்டேன். அந்தக் கிழமை கழியுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மச்சாள் வந்தார். மச்சாள் என்றால் இவருடைய அக்கா. என் தலையைத் தடவிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டனீர்?" என்பதுதான். கெட்ட மனசில் கேட்கவில்லை. எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனாலும் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றுவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற இவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அன்னாசி என்ற பேச்சே எழவில்லை. என் பிள்ளையை நானே தின்றுவிட்டேன் என்று நம்பினேன். அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுபடி தங்கியதும் மச்சாள் சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். பப்பாசி கூடாது. நண்டும் இறாலும் கிரந்தி, உடம்பில் சொறி கிளப்பும். சூரை மீன் சூடு, முட்டையும் சூடு. முருங்கையிலை வயிற்றைக் கலக்கும். அவர் போனபின் கைத்தொலைபேசியை எடுத்தால், சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லுவார்; அடுத்த காணொளியில் இன்னொருவர் தொடவே கூடாது என்பார். யார் வேண்டாம் என்றாரோ அவர் பேச்சையே நான் கேட்டேன். சாப்பிடாமல் விட்டால் பழி வராதல்லவா? உப்புவெளியில் நான் பின்னேரங்களில் வேலை பார்த்த சுற்றுலா விடுதியில் இறால் வதக்கும் வாசம் வந்தால், வரவேற்பு மேசையை விட்டு வாசலுக்குப் போய் நிற்பேன். வாசத்திலும் கிரந்தி இருக்குமோ என்ற பயம். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த வாசம் போகும்வரை உள்ளே வரமாட்டேன்.

இந்த விசாரணைகளுக்கெல்லாம் தப்பிய ஒரே பொருள் தேத்தண்ணி. அதை யார் சந்தேகப்படுவது? கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தேத்தண்ணி. தலையிடித்தால் தேத்தண்ணி, மழை பெய்தால் தேத்தண்ணி, ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா இருக்கிறோமே என்பதற்கு ஒரு தேத்தண்ணி. மச்சாளும் அதைக் கூடாது என்று சொல்லவில்லை. இவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தார். காலை வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வருவார். நான் நாலு வாய் சாப்பிட்டு எழும்பியதும் குசினிக்குள் போய், இஞ்சி தட்டிப்போட்டு, பால் விடாமல், கடும் சாயத்தில் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவருவார். கோப்பைக்குப் பக்கத்தில், அதே சோசரில், கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரை இருக்கும். இரவில் குடித்தால் எனக்குக் குமட்டியதால் அதை மத்தியானத்துக்கு மாற்றியிருந்தோம். அதிகம் கதைக்காத மனிதர் அவர். அந்தச் சோசரை நீட்டுவதுதான் அவருடைய கதை. நானும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பேன். அந்த நாளில் பயமில்லாமல் என் தொண்டைக்குள் இறங்கியது அது ஒன்றுதான்.

ஆறாம் மாதம் கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். குறைவு என்றார்கள். அடுத்த முறை பார்த்தபோது இன்னும் இறங்கியிருந்தது. இப்படியே போனால் பெரியாஸ்பத்திரியில் மறித்து வைத்து இரத்தம் ஏற்றவேண்டி வரலாம், பிள்ளையும் எடை குறைவாகப் பிறக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு நாளும் தவறவில்லை என்று நான் சொன்னது முழு உண்மை. அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஆட்டோவில் வரும்போது கிளினிக் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தப் பிள்ளையும் என்னிடம் நிற்கப்போவதில்லை என்று மனம் அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கத்தரிக்காயையும் நிறுத்தினேன். பரங்கிக்காயையும் ஒதுக்கினேன். எது கெடுக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் குற்றவாளி ஆக்கினேன். இவர் தன் பங்குக்குத் தேயிலையை இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போட்டார். அது களைப்பைப் போக்குமாம்.

அந்தக் கிழமை, எங்கள் பகுதிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வரும் நடுத்தர வயதுக்காரி; சிரித்த முகம், கண்டிப்பான கேள்விகள். நான் சாப்பிட்டு எழும்பிய நேரம். வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. இவர் கேட்கவுமில்லை, நேரே குசினிக்குள் போய்விட்டார். தட்டில் இரண்டு கோப்பைகளோடு வந்து, ஒன்றை மிஸ்ஸிடம் நீட்டினார். மற்றதை மாத்திரையோடு என்னிடம் தந்தார். நான் மாத்திரையை வாயில் போட்டு, கோப்பையைத் தூக்கினேன்.

மிஸ் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், ஒவ்வொரு நாளும் இப்படித்தான் குடிக்கிறீங்களா?"

வாயில் மாத்திரை கரைந்துகொண்டிருக்க நான் தலையாட்டினேன். அவர் தன் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தந்தார். நான் விழுங்கிய பிறகுதான் கதைத்தார். தேத்தண்ணிச் சாயம் மாத்திரையிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது, சாப்பாட்டில் உள்ளதையும்தான் என்றார். கிளினிக்கில் எல்லோருக்கும் சொல்கிற விஷயம் என்றார். சொல்லியிருப்பார்கள். அந்தச் சத்தத்தில், வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த வாங்கில், அன்னாசியை நினைத்துக்கொண்டு இருந்த என் காதில் அது ஏறவில்லை. மாத்திரையைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு குடிக்க வேண்டும், தேத்தண்ணி வேண்டுமானால் வெகுநேரம் கழித்து, அதுவும் மெல்லிய சாயத்தில் என்று சொல்லிவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்புக் குறைந்துகொண்டு போனது.

"மீன் ஏன் இல்ல? முட்டை ஏன் இல்ல? கீரை என்ன பாவம் செஞ்சது?"

அன்று மச்சாள் கேட்டதும் சாப்பாட்டைப் பற்றித்தான். ஆனால் இந்த முறை முள் வெளியே வந்துவிட்டது. அன்னாசி சாப்பிட்டதால் முதல் பிள்ளை போனதைச் சொன்னேன். இவ்வளவு காலமும் யாரிடமும் சொல்லாததை, ஒரு கையில் போத்தலோடு, தேம்பித் தேம்பிச் சொன்னேன். மிஸ் நான் அழுது முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்.

"அன்னாசித் துண்டு சாப்பிட்டுப் பிள்ளை கலையிறதில்ல. ஆரம்பத்தில கலையிறது கனபேருக்கு நடக்குது. நீங்க சாப்பிட்டதால இல்ல, மகள்."

குசினி வாசலில் ஏதோ அசைந்தது. இவர் வெறும் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நான்தானே வாங்கிக் குடுத்தனான்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் சுமந்ததாக நினைத்த பாரத்தின் மற்றப் பக்கத்தை இவரும் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கெடுதல் செய்யாது என்று அவர் நிச்சயமாக நம்பிய ஒரே பொருள் தேத்தண்ணி. அதனால்தான் அதைத் தன் கையாலேயே ஊற்றித் தந்திருக்கிறார். இப்போது அதுவும் போய்விட்டது. அவருடைய முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மிஸ் அவருக்கும் அதையே திரும்பச் சொன்னார். தன் கோப்பையில் இருந்ததை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு மாறியது. சின்னச் சூடை மீன், நன்றாக அவித்த முட்டை, கழுவிக் கழுவி நைந்துபோன கீரை. பெரிய மீனை மட்டும் அடிக்கடி வேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். மச்சாள் கேள்விப்பட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். போகும்போது தேசிக்காய் ஒரு பை நிறைய வைத்துவிட்டுப் போனார். ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. மீன் சாப்பிட்ட அன்று, பிள்ளை அசைகிற வரைக்கும் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.

அடுத்த கிளினிக்கில் இரத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. அதற்கடுத்ததில், பெரியாஸ்பத்திரியில் மறிக்கத் தேவையில்லை என்றார்கள். வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, அன்னாசி வாங்குவோமா என்று நானே கேட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பயம் இருந்தது. பிறகு கடைக்குப் போனார்.

வீட்டில் கத்தியைக் கழுவினார். பலகையைக் கழுவினார். பழத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரே ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். நான் கடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் மகள் உள்ளே ஒரு உதை விட்டாள். அவருடைய கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். பிறகு இன்னொரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டியபோதுதான் நினைவுக்கு வந்தது, ஹபரணை வீதிக்குப் பிறகு இந்த மனிதரும் அன்னாசியைத் தொட்டதில்லை.

வாங்கி வாயில் போட்டார். மென்றுகொண்டே அழுதார். புளிக்குதா என்று கேட்டேன்.

"ஓம்," என்றார், "நல்லாப் புளிக்குது."