கட்டிலில் ஐம்பத்தொரு கிலோ

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் புரோகிராமர். எங்கே தப்பு என்று தேடிப் பிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. இதிலும் தலைகீழாக நின்று தேடிவிட்டேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். ஒரு ராத்திரி அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று. இன்னொரு தடவை விழுந்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். அம்மாவோ எழுந்திருக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடவே மாட்டாள். பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பவள் நான். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. வீடியோ பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, நானே கற்றுக்கொண்டிருந்தேன். கட்டிலின் நாலு காலுக்கு அடியிலும் எடை பார்க்கும் சென்சார் வைத்தேன். கட்டிலின் எடை போக, அதன்மேல் எத்தனை கிலோ இருக்கிறது என்று போனில் தெரியும். பத்துக்குக் கீழே போனால் அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே போன் அலறும்.

"என்னடி, என்னைக் கத்தரிக்கா மாதிரி நிறுத்துப் பாக்கிறே?"

"நாப்பத்தாறு கிலோம்மா. ஒழுங்கா சாப்பிடு."

"ஆமா, இவ பெரிய பயில்வான்!"

மூன்று ராத்திரி பிரச்சினை இல்லை. நான்காவது ராத்திரி 9.40. தற்செயலாகப் போனைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு கிலோ காட்டியது.

போய்ப் பார்த்தேன். அம்மா ஒருக்களித்துக் கட்டிலின் விளிம்பில் படுத்திருந்தாள். நடுவில் தாராளமாக இடம் கிடந்தது.

"ஏம்மா இப்படி ஓரத்துல படுத்திருக்கே? விழுந்து தொலைக்கவா?"

"இடம் பத்தலைடி" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அவளை மெல்ல எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தேன். இப்போது கட்டில் காலி. ஆனால் போனில் ஐம்பத்தொன்று.

மலிவான சென்சார், உளறுகிறது. புரோகிராமர்கள் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இதையே பூஜ்யமாக வைத்துக்கொள் என்று பட்டனை அழுத்தினேன். கடையில் வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து முதலில் பூஜ்யமாக்குவார்களே, அதேதான். அம்மாவை நடுவில் படுக்க வைத்தேன். நாற்பத்தாறு. என்னை நானே மெச்சிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

10.25. போன் அலறியது.

விழுந்துவிட்டாளோ! விழுந்தடித்து ஓடினேன். அம்மா அசையாமல் படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. போனைப் பார்த்தேன்.

மைனஸ் ஐந்து.

எடை எப்படி மைனஸில் போகும்? மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாற்பத்தாறில் ஐம்பத்தொன்று போனால் மைனஸ் ஐந்து. அப்படியென்றால்... நான் பூஜ்யமாக்கிய ஐம்பத்தொன்று உளறல் இல்லை. அது கட்டில்மேல்தான் இருந்திருக்கிறது.

இப்போது இறங்கிவிட்டது.

என் அறையிலிருந்து சத்தம் வந்தது. க்ரீச்...

என் நாற்காலி. யாராவது உட்கார்ந்தால் மட்டும்தான் அப்படிக் கத்தும்.

அம்மாவின் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். கட்டிலில் ஏறி அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டேன். போனைப் பார்த்தேன்.

நாற்பத்தாறு.

கச்சிதமாக. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மைனஸ் ஐந்தில் நான் ஏறியதும் நாற்பத்தாறு. என் எடையும் ஐம்பத்தொன்று.

க்ரீச்...

அப்புறம் சத்தமே இல்லை. கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை.

மெத்தை மட்டும்... என் முதுகுப் பக்கம்... மெதுவாக அமுங்கியது.

தொண்ணூற்றேழு.

திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. அம்மாவை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த வீட்டுக்கு நான் திரும்பவில்லை. சாமான்களை எடுத்து வந்தது அக்கா வீட்டுக்காரர்தான். சென்சார்களை ஆபீஸில் ஒரு நண்பர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். நாலும் சரியாக இருக்கின்றன என்றார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்:

"விழுந்த அன்னிக்கு எழுந்திருக்கும்போது தலை சுத்துச்சாம்மா?"

"நான் எங்க எழுந்தேன்? படுத்துட்டுதான் இருந்தேன். பக்கத்துல படுத்திருந்தவ தள்ளிவிட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும்மா? ஏன் இத்தனை நாளா எங்கிட்ட சொல்லலை?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"முகத்தைப் பாத்தேனேடி... நீதானே? பெத்த பொண்ணைப் போய் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?"