மலியார்ப்பாவும் ஒரு கேள்விக்குறியும்

சாந்தோமில் பாதிரிமார் நடத்திய ஒரு பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். வீட்டுக்கு வந்தால் இன்னொரு பைத்தியம். பழைய லத்தீன் நூல்களில் நம் கடற்கரை ஊர்களுக்கு என்னென்ன பெயர் என்று தேடி ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். ஒரு பக்கம் லத்தீன் பெயர், எதிரே இன்றைய ஊர். நிச்சயமில்லாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. படித்தவன் என்கிற என் திமிரெல்லாம் அந்தக் குறியில்தான் இருந்தது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள், "எங்க குப்பம் இதுல கீதா வாத்தியாரே?" என்று கேட்டாள். 'மலியார்ப்பா எம்போரியும்' என்ற வரியைக் காட்டினேன்; எதிரே மயிலாப்பூர் என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். எம்போரியும் என்றால் வியாபாரத் துறை, அது உங்கள் கரையாகத்தான் இருக்கும் என்றேன். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த வருஷம், சாலை போட வேண்டும் என்று குப்பத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அங்கே யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அளக்க வந்த அதிகாரி, பழைய ஊர் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார். அக்கா ஓடிவந்து என்னையும் நோட்டையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார். "இந்தக் கேள்விக்குறி எதற்கு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

குப்பமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு லத்தீனில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் எதைச் சொல்லியிருந்தாலும் எழுதிக்கொண்டு போயிருப்பார். நானோ வகுப்பில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, அது மயிலாப்பூர்தான் என்பவர்கள் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, இந்தக் குப்பம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று இங்கிலீஷிலேயே விளக்கினேன். அவர் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

"இன்னா சொன்னே வாத்தியாரே?" என்றாள் அக்கா.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்" என்றேன்.

மழைக்கு முன்னால் குடிசைகளைப் பிரித்தார்கள். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மணல்மேட்டைக் காட்டினார்கள். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து அக்கா வந்தாள். அவ்வளவு தூரம் நடந்ததில் மீன் கெட்டுப்போகிற நிலையில் இருந்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு மேஜைமேல் கிடந்த நோட்டைப் பார்த்தாள்.

"இப்ப நாங்க கீற எடத்துக்கு இதுல இன்னா பேரு போட்டுக்கீது? நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, நீதானே வந்து சொல்லணும்."

இன்னும் அவள் என்னை நம்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.