அண்ணன் மோந்த கருகல்

புது கிளட்ச் பிளேட் போட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. கருகல் வாசனை மட்டும் போகவில்லை. நாலாவது முறையாக வண்டியை மெக்கானிக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சலித்துக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்தார். கைபிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திக்கொண்டே கிளட்சிலிருந்து காலை எடுத்தார். இஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துபோனது. கிளட்ச் தேய்ந்திருந்தால் அணையாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அணைந்தது என்றால் பிளேட் கெட்டியாகப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

"இதுக்கு மேல அவுத்துப் பாக்க ஒண்ணும் இல்லீங்க" என்றார். எனக்கோ நெஞ்சு வரைக்கும் நாறிக்கொண்டிருந்தது. அண்ணன் செத்த அன்றைக்கு வந்த நாற்றம் அது.

நான் பட்டுத் தறிக்காரன். நாற்பத்தெட்டு வயதில்தான் கார் ஓட்டப் பழகினேன். பழைய கார் ஒன்றை வாங்கி, நெய்த புடவைகளை அதிலேயே கடைகளுக்குக் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டில் எப்போதும் அண்ணன்தான். அவரும் தறிக்காரர், வண்டி ஓட்டத் தெரியாது.

வண்டி முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, கேட்கத்தான் எனக்குப் புத்தி இல்லை. பாதியில் பிடித்துக்கொண்டிருந்த கிளட்ச், காலை முழுக்க மேலே தூக்கிய பிறகுதான் பிடிக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அண்ணன் மூக்கை உறிஞ்சி, ஏதோ கருகுகிறது என்பார். வயலில் வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று நான் மழுப்புவேன். ஒருநாள் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தவர், "ஏன்டா, கியர் போட்டப்புறமும் அந்த பெடலு மேலயே கால வச்சிகினு இருக்கியே, எடுத்துடேன்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஸ்டியரிங்கைத் தொடாதவருக்கு எதற்கு இந்த வாத்தியார் வேலை என்று எரிந்து விழுந்தேன். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒரு காலை வேளை அண்ணனுக்கு நெஞ்சு அடைத்தது. சட்டையெல்லாம் வியர்வை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியை அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அண்ணியும் பின்னால் ஏறிக்கொண்டார். கண்ணமங்கலம் தாண்டி ஓர் ஏற்றத்தில் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மிதிக்க மிதிக்கப் புகைதான் வந்தது. அண்ணன் என் இடது தொடையின் மேல் கையை வைத்தார். பதறாதே என்று வைத்தாரா, காலை எடு என்று வைத்தாரா, தெரியவில்லை. இன்றைக்கும் கியர் மாற்றினால் அந்தக் கை அங்கே இருக்கிறது. கையைக் காட்டிக் காட்டி ஒரு வேன் நிற்பதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை. அந்த இருபது நிமிஷம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வண்டிக்கு என்ன ஆயிற்று என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது, யார் கையில் என்ன இருக்கிறது என்றேன். அண்ணியிடமும் அதையேதான் சொன்னேன்.

காரியம் முடிந்த பிறகு மெக்கானிக் பிளேட்டை மாற்றினார். பழையது வழவழவென்று தேய்ந்து கறுத்துப்போயிருந்தது. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார்.

"தறி நெய்யறவருங்களா?" என்று கேட்டார். "சேவூர் தறிக்காரங்க ரெண்டு பேருக்கும் இப்டிதாங்க ஆச்சு. ஒங்க காலு பெடல உட்டு எறங்கவே மாட்டேங்குது."

குழித்தறியில் மிதிப்பலகையை விட்டுக் காலை எடுக்கிற வழக்கமே கிடையாது. ஒன்றை அழுத்தும்போது மற்றொன்றின் மேல் பாதம் சும்மா கிடக்கும். முப்பது வருஷப் பழக்கம். அதே பாதம் கிளட்சின் மேல் கிடந்து கிடந்து, ஓடுகிற நேரமெல்லாம் பிளேட்டைத் தேய்த்திருக்கிறது. வண்டியைக் கெடுத்தது கேபிள் இல்லை. நான்தான்.

நாலாவது முறை மெக்கானிக் கைவிரித்த அன்று வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இனி என் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று வாசற்படியிலேயே நின்றேன். எனக்குச் சொந்தம் என்று மிஞ்சியிருந்த வீடு அது ஒன்றுதான். இருந்தாலும் கேபிள் கதை பொய் என்று சொன்னேன். கால் விஷயத்தையும் சொன்னேன்.

அண்ணி தலையைத் தூக்கவில்லை.

"தெரியும் தம்பி. அவரு தெனம் எங்கிட்ட சொல்லுவாரு. நீ கோச்சிக்கிறியேன்னு ஒங்கிட்ட சொல்றத உட்டுட்டாரு."

ஆய்ந்த கீரையை அண்ணி முறத்தில் தள்ளினார்.

"அன்னிக்கு ஆம்புலன்ஸ கூப்புடலாம்னேன். வேணாம்னுட்டாரு. அவன் வாசல்ல வண்டிய வச்சிகினு நிக்கிறான், வேற வண்டில ஏறினா அவன் மனசு என்னாகும்னாரு."

தெரிந்தேதான் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.